"சும்மாதான் கீறேன்": வேலூர்ப் பக்கத்தில் வேலை மாறிய கதையை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துக்கு முதன்முதலாகக் கணக்கெடுக்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் "என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டேன். மடியில் முறம். முறத்தில் தூள், ஈரத்துணியில் சுற்றிய இலை, பக்கத்தில் நூல் உருண்டை. பேசும்போதும் விரல் நிற்கவில்லை. "வேலையா? நான் இன்னா வேலை செய்றேன், சும்மாதான் வூட்ல கீறேன்" என்றார். நானும் நல்ல பிள்ளையாக 'வேலை இல்லை, வீட்டு வேலை மட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் படிவங்களை அடுக்கிப் பார்த்தால், அந்தத் தெருவில் வேலை செய்யும் பெண் ஒருவர்கூட இல்லை. தெரு முழுக்க பீடி சுற்றும் தெரு! நாற்பது படிவங்களையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள், உள்ளூர்ச் செய்தியாளர்கள், சங்கத்துக்காரர்கள், தன் ஊரைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க ஆசைப்படுபவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பழைய வட ஆற்காடு முழுவதற்கும் பொருந்தும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'வேலூர் மாவட்டத்தில் வேலைவாய்ப்பின் இன்றைய நிலை' என்று தலைப்பு வைத்தால் ஆறு மாதத்தில் களைத்துப்போவீர்கள். கைக்கு அடங்குகிற கேள்வி வேண்டும். பேரணாம்பட்டில் ஒரு தெருவில் தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் ஆலையை, விட்டவர்கள் எங்கே போனார்கள்? ஆம்பூரில் வீட்டிலேயே ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கூலி எப்படி மாறியது? ஜோலார்பேட்டையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் சென்னை போய்வருபவர்கள் ஏன் அங்கேயே குடிபோகவில்லை? வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பேர் வாங்கிய கம்மவான்பேட்டையில் இன்றைய இருபது வயதுக்காரர்கள் என்ன யோசிக்கிறார்கள்?

ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு காலம். இந்த மூன்றும் கேள்விக்குள் இருந்தால் போதும்.

படி 2: மாவட்ட எல்லையில் வழுக்காதீர்கள்

ரொம்பப் பேர் விழுகிற பள்ளம் இது. பழைய கணக்கெடுப்புகளில் 'வட ஆற்காடு' என்று இருப்பது இன்றைய வேலூர் இல்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போனது. அதே காலத்தில் சேலத்திலிருந்து திருப்பத்தூர் இங்கே வந்து சேர்ந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. அது பிரிவதற்கு முந்தைய வேலூர். அதை இன்றைய வேலூரோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேல் தொழிலாளர்கள் ஓடிப்போனதுபோல் தெரியும். தோல் தொழில் பெரும்பாலும் காணாமல்போன வேலூர் ஒன்றும் உருவாகிவிடும், ஏனென்றால் ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில், மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும் பக்கத்து மாவட்டத்தில்.

இதற்கு ஒரே மருந்து, கிராமத்திலிருந்து மேலே கட்டுவது. கணக்கெடுப்பின் கிராம அளவு அட்டவணையை எடுத்து, இன்றைய எல்லைக்குள் வரும் கிராமங்களைக் கூட்டுங்கள். சலிப்பான வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

படி 3: முன்னால் வந்து போனவர்களைப் பாருங்கள்

கிராம ஆராய்ச்சி வட ஆற்காட்டுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'இந்தியப் பொருளாதாரம்' என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயவைத்தார். அவற்றில் ஒன்று செய்யாறு பக்கத்து தூசி, அன்றைக்கு வட ஆற்காடு. 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ்.குகனும் கே.பரதனும் தூசிக்கு மீண்டும் போனார்கள்.

1973-74-இல் பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க ஒரு கேம்பிரிட்ஜ் குழு வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தது. அதில் இருந்த பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணியை விடவே இல்லை. நாற்பது வருடம் திரும்பத் திரும்ப வந்து அரிசி ஆலை, பட்டு, கடைவீதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் கேட்ட கேள்வியையே நீங்களும் கேட்டால், ஒப்பிட ஏற்கெனவே ஒரு பழைய பதில் இருக்கும்.

படி 4: அரசு எண்களை எடுங்கள், ஆனால் எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள்

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். பிறகு நாலு பெட்டி: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில், மற்றவர். இந்த 'மற்றவர்' பெட்டியில்தான் கலெக்டர், தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுபவர், சிஎம்சி மருத்துவமனை எதிரே லாட்ஜில் ரூம் கூட்டும் பையன், கல்லூரிப் பேராசிரியர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'மற்றவர்' கூடினால் ஊர் முன்னேறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கடைசியாக வெளிவந்த முழுக் கணக்கு 2011. அடுத்ததை 2027-க்கு அறிவித்திருக்கிறார்கள்.

அடுத்தது பிஎல்எஃப்எஸ் எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017-இல் தொடங்கியது. இதில் ஒருவருடைய நிலையை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். 'வழக்கமான நிலை' என்றால் கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார், அதோடு முப்பது நாளாவது துணைவேலை ஏதும் செய்தாரா என்பது. 'வார நிலை' என்றால் கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்பது. ஒரு மணி நேரம் செய்தாலும் அந்த வாரம் அவர் வேலையில் இருப்பவர்தான். செய்தித்தாளில் வேலையின்மை விகிதம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், இரண்டில் எது என்று முதலில் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களின் தரவிலிருந்து 'வேலூர் மாவட்ட விகிதம்' என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

தனிநபர் அளவுத் தரவை புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தொழில் குறியீட்டில் முதல் இரண்டு இலக்கம் போதும்: 12 என்றால் புகையிலை, 13 ஜவுளி, 14 ஆயத்த ஆடை, 15 தோலும் காலணியும். நம் பக்கத்துக் கதையில் முக்கால்வாசி இந்த நாலு எண்ணுக்குள்.

ஆண்டுதோறும் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, பதிவான ஆலைகளை மட்டும் பார்க்கும். பழைய தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் என்பது வரம்பு. வீட்டில் அப்பர் தைப்பவர் அதில் வரவே மாட்டார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

அப்புறம் அறிவிப்பு எண்கள். 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். இப்படிப்பட்ட எண்ணை 'வேலை' என்று எழுதாமல் 'அறிவித்த வேலை' என்று தனிப் பத்தியில் வையுங்கள். நேரடி வேலை எத்தனை, மறைமுகம் எத்தனை, நிரந்தரம் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்று நாலு காலிக் கட்டம் போட்டு வையுங்கள். அதை நிரப்புவதே ஒரு நல்ல ஆராய்ச்சி. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, பதிவான தொழிற்சாலைகளின் பட்டியலைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

படி 5: "என்ன வேலை?" என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 'வேலை' என்றால் வெளியே போய்ச் செய்வது. கவர்மென்ட் வேலை, கம்பெனி வேலை, கூலி வேலை. வீட்டில் உட்கார்ந்து செய்வதற்கு அந்தப் பேர் கிடையாது. பீடி சுற்றினாலும் சும்மாதான், மாட்டைப் பார்த்துக்கொண்டாலும் சும்மாதான், ஆரணியில் புருஷன் தறியில் உட்கார மனைவி நூல் சுற்றித் தந்தாலும் சும்மாதான். 'சும்மா' என்பது பதில் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி சரியில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பதிலாக நேற்றைக் கேளுங்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இலும் 2024-இலும் நடந்தது. அதில் முந்தின நாள் காலை 4 மணியில் தொடங்கி 24 மணி நேரத்தை அரைமணி அரைமணியாகக் கேட்பார்கள். அதையே நீங்களும் செய்யுங்கள். ஒரு தாளில் 48 கட்டம் போட்டுக்கொண்டு இப்படிப் பேசுங்கள்:

"அக்கா, நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"நாலரை இருக்கும். தண்ணி வர்ற நாளு."

"தண்ணி புடிச்சிட்டு?"

"வாசல் தெளிச்சு, சோறு வச்சு, புள்ளைங்கள பஸ் ஏத்திட்டு, ஒம்போது மணிக்கு முறத்த எடுத்தேன்."

"எப்ப கீழ வச்சீங்க?"

"எங்க வச்சேன்? சாயந்திரம் ஏஜென்ட்டு கிட்ட குடுக்கணுமே."

வந்துவிட்டது. ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. "வேலை" என்ற சொல்லை நீங்கள் வாயிலேயே எடுக்கவில்லை.

இதற்கு மேலேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. இவரை ஒழுங்காக எண்ணினால்கூட, அரசு வகைப்பாட்டில் அவர் விழுவது 'சுயதொழில்' பெட்டியில். இலையும் தூளும் ஒருவர் தருகிறார், எண்ணிக் கூலியும் அவரே தருகிறார். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக்குச் செய்வதால் குறியீடு 11, அதாவது சொந்தமாகத் தொழில் செய்பவர். சரியாக விசாரிக்காத கணக்காளர் என்றால் குறியீடு 92, வீட்டுவேலை மட்டும். ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள், கேட்பவரைப் பொறுத்துத் தொழில்முனைவோராகவும் ஆகலாம், வேலையே இல்லாதவராகவும் ஆகலாம். 'பெண்கள் சுயதொழிலில் முன்னேற்றம்' என்று தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முறம்தான் ஞாபகம் வரும்.

அதனால் உங்கள் தாளில் அரசுக் குறியீட்டுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேருங்கள். மூலப்பொருள் யாருடையது? விலையையோ கூலியையோ யார் முடிவு செய்கிறார்கள்? நாளைக்கு வேறு ஒருவருக்குச் செய்துதர முடியுமா? இந்த மூன்றுக்கும் 'அவங்கதான்' 'முடியாது' என்று பதில் வந்தால், பெட்டியின் பேர் என்னவாக இருந்தாலும் அவர் கூலித் தொழிலாளி.

படி 6: கூலியை மணிக்கணக்கில் உடையுங்கள்

எண்ணிக்கைக் கூலி கண்ணைக் கட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் வெறும் உதாரணம். ஆயிரம் பீடிக்கு 250 ரூபாய் என்று வையுங்கள். ஓர் அம்மா ஒரு நாளில் 600 சுற்றுகிறார். 150 ரூபாய். ஏஜென்ட் 50 பீடியைக் கழித்துத் தள்ளுகிறார், 12.50 போச்சு. மிச்சம் 137.50. அவர் உட்கார்ந்தது ஏழு மணி நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் இரண்டு மணி நேரம் இலை வெட்டினாள். மொத்தம் ஒன்பது மணி. ஒரு மணிக்குப் பதினைந்து ரூபாய் சொச்சம். கொடுத்த இலை பத்தாமல் கடையில் வாங்கியிருந்தால் அதுவும் குறையும்.

"நாளுக்கு 150 வருதுங்க" என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் மகள் காணாமல் போயிருப்பாள். எனவே எப்போதும் கேளுங்கள்: கூட யார் உட்கார்ந்தாங்க? எவ்வளவு கழிச்சாங்க? கைக்காசு எவ்வளவு போட்டீங்க? ஷூ அப்பருக்கும் இதே கேள்விகள்தான், ஊசியும் நூலும் யாருடையது என்பதையும் சேர்த்து.

பத்து வருடத்துக் கூலியை ஒப்பிடும்போது ரூபாயை நம்பாதீர்கள். "அப்ப ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி வந்தது?" என்று கேட்டால் வயதானவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். மத்திய அரசின் லேபர் பீரோ வெளியிடும் கிராமத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு அதை ஒத்துப் பாருங்கள்.

படி 7: வாழ்க்கைக் கோடு வரையுங்கள்

ஒரு நீளத் தாள். இடது ஓரம் பிறந்த வருடம், வலது ஓரம் இன்று. கோட்டுக்கு மேலே வேலைகள், கீழே வீட்டு விஷயங்கள்: கல்யாணம், குழந்தை, கடன், ஆபரேஷன், சாவு. வேலை மாறியதற்குக் காரணம் பாதி நேரம் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கும்.

வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர். தோல் ஷாப் கழிவுநீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1996 ஆகஸ்ட். தோல் ஷாப்பில் இருந்தவர்களுக்கு அது 'கோர்ட் ஆர்டர் வந்த வருஷம்'. நோட்டு செல்லாதென்று சொன்னது 2016 நவம்பர். லாக்டவுன் 2020 மார்ச். பாலாற்றில் கரைபுரண்டு தண்ணீர் போனது 2021 நவம்பர். "வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றால் உடனே பதில் வரும்.

இப்படி நாலைந்து கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய கதை தானாகத் தெரியும். 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பாதி பதனிட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் முழுசாகப் பதனிடவும், பிறகு அப்பரும் ஷூவும் செய்யவும் நகர்ந்தார்கள். சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் நடந்த ஈரவேலை பெரும்பாலும் ஆண்களுடையது, அதிலும் தலித் ஆண்களுடையது. தையல் லைன் வந்தபோது உட்கார்ந்தவர்கள் பெண்கள். ஒரே தொழில், ஒரே ஊர். ஆனால் சம்பளம் வீட்டுக்குள் வரும் கை மாறிவிட்டது. புள்ளிவிவரத்தில் இரண்டும் குறியீடு 15.

பேரப்பிள்ளைகளின் கோட்டைச் சுலபமாக 'ஐடிக்குப் போனார்கள்' என்று முடித்துவிடாதீர்கள். டிப்ளமோ முடித்து ஒசூரில் ஆறு மாதம், ஸ்ரீபெரும்புதூரில் எட்டு மாதம், திரும்பி வந்து வேலூரில் சாப்பாடு டெலிவரி, நடுவில் போலீஸ் தேர்வுக்குக் கோச்சிங் என்று அந்தக் கோடு நறுக்கு நறுக்காக இருக்கும். ஒவ்வொரு நறுக்கும் ஏன் முடிந்தது என்று கேளுங்கள். "கான்ட்ராக்ட் முடிஞ்சுது" என்பார்கள். இன்னொரு தரம் கேட்டால் ரூம் வாடகை வரும், நைட் ஷிப்ட் வரும், அப்பாவின் டயாலிசிஸ் வரும்.

படி 8: போய் நின்று எண்ணுங்கள்

காலை ஐந்தரைக்கு செய்யாறு பக்கத்து எந்தக் கூட்ரோட்டிலும் நின்று பாருங்கள். கம்பெனி பஸ் ஒவ்வொன்றாக வரும். ஏறுகிறவர்களில் பெண்கள் எத்தனை, எந்தக் கிராமத்துக் கிளைச்சாலையிலிருந்து நடந்து வருகிறார்கள், யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று குறியுங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வேலை எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்பதை எந்த அட்டவணையும் இப்படிக் காட்டாது.

வேலூருக்குள் சிஎம்சியைச் சுற்றிய தெருக்களில் ஒரு மணி நேரம் போதும். பெங்காலியில் எழுதிய பலகைகளை எண்ணுங்கள். வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் என்று வரும் நோயாளிகளை நம்பி லாட்ஜ், மெஸ், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு விடுபவர், இந்தி பேசும் ஆட்டோக்காரர், மொழிபெயர்த்துக் கூட வருபவர் என்று ஒரு தனி உலகம் நடக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு வெளியே இத்தனை வேலை. ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில் இவர்களில் ஒருவரும் இல்லை.

படி 9: யாரிடம், எப்போது, எதைக் கேட்கக் கூடாது

கம்பெனி வாசலில் பேட்டி எடுக்காதீர்கள். சூப்பர்வைசர் பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை, அந்தப் பெண்ணுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. வீட்டில் தைக்கும் அப்பரைப் போட்டோ எடுத்தாலும் இதே கதைதான். மாடலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது பேசும் வீடுகளுக்கு உருது தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். கணவர் பக்கத்தில் நின்றால் மனைவியின் சம்பளம் அவர் வாயிலிருந்துதான் வரும், அதனால் இன்னொரு தரம் தனியாகப் போங்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம் போனால் வெளியூர் மரம்வெட்டும் வேலையைப் பற்றிக் குடைந்து கேட்காதீர்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இருபது தமிழர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மலைப்பக்கத்து ஆட்கள் அதில் இருந்தார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பேரை எழுதாதீர்கள்.

"இத எழுதினா எங்களுக்கு இன்னா கெடைக்கும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஒன்றும் கிடைக்காது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். லோன் வரும், அட்டை வரும் என்று தலையாட்டிவிட்டு வந்தால், உங்களுக்கு அடுத்து வருகிறவருக்குக் கதவு திறக்காது.

படி 10: எழுதுங்கள், பத்திரமாக வையுங்கள்

எழுதும்போது மூன்று நிறத்தில் எழுதுவது என் பழக்கம். அரசு எண் ஒரு நிறம், நான் எண்ணியது ஒரு நிறம், ஒருவர் சொன்னது ஒரு நிறம். கடைசியில் கறுப்பாக்கிவிடலாம், ஆனால் அதுவரை எது எங்கிருந்து வந்தது என்று குழம்பாது. முப்பது வீடு பார்த்துவிட்டு 'வேலூர் பெண்களில் இத்தனை சதவீதம்' என்று எழுதாதீர்கள். 'நான் பார்த்த முப்பது வீட்டில் பதினொன்றில்' என்றே எழுதுங்கள்.

முடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் திரும்பிப் போய், எழுதியதை அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். நான் மணிக்கூலிக் கணக்கைப் படித்துக்காட்டியபோது அந்தத் திண்ணை அம்மா பாதியிலேயே நிறுத்தினார். "நூல எழுதலியே சார். நூலும் நான்தான் வாங்குறேன்."

தூசிக்கு 1930களிலும் 1980களிலும் திரும்பப் போக முடிந்ததற்குக் காரணம், 1916-இல் போனவர்கள் கேட்டதையும் கிடைத்ததையும் எழுதிவைத்திருந்தார்கள். அதனால் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: ஊரும் கணக்கெடுப்புக் குறியீட்டு எண்ணும், தெருவின் கைவரைபடம், போன தேதிகள், கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் கேட்ட அதே சொற்களில், 'வேலை' என்று நீங்கள் எதை எண்ணினீர்கள் என்பது, எந்த வீட்டில் கதவு பூட்டியிருந்தது என்பது. பேர்ப் பட்டியலைத் தனி உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். நோட்டின் ஒரு பிரதியை உங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.